கொக்கியை மாற்றினால் இழுதிறன் கூடுமா?

ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட எங்கள் மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியின்) 5,000 பவுண்டு இழுவைக் கொக்கிக்குப் பதிலாக 7,500 பவுண்டு தாங்கும் ஒன்றைப் பொருத்தும் முன், வண்டியின் எடைக் கணக்கை முழுமையாகப் பார்த்துவிட விரும்பினேன். எங்கள் வண்டிக்கான மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு; டிரெய்லரையும் சேர்த்தால் 22,000. தண்ணீர், எரிபொருள், பயணிகள் எல்லாம் ஏறிய நிலையில் லாரி நிறுத்தத்தின் எடைமேடையில் காணும் எடையை 22,000-இலிருந்து கழித்தால் மிஞ்சுவதே இழுக்கத்தக்க சுமை. வண்டி தன் வரம்பை எட்டியிருந்தால் அது 7,500 மட்டுமே.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, வீட்டுப்பகுதியைக் கட்டியவர்கள் பின்புறம் பற்றவைத்து நீட்டிய சட்டம்தான். அந்தப் பற்றவைப்பு துருவேறியிருந்தால், எவ்வளவு வலிய கொக்கியாலும் பயனில்லை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மீது அழுந்துவதால், பின் அச்சின் வரம்பையும் தனியே சரிபார்க்க வேண்டும்.