டர்பைன் ஜெட், ஏழாவது மாதம்: ஒரு காற்றுக்குமிழியைத் தேடி

நான் கட்டும் ரேடியோ மாதிரி விமானத்தின் ஜெட் இன்ஜின் இப்போது முழு த்ராட்டிலிலும் அணையாமல் ஓடுகிறது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரத்தைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

விமானம் 1.9 மீட்டர் இறக்கை, பால்சாவும் ஃபைபரும் கலந்த உடல். டர்பைன், அதாவது அந்த ஜெட் இன்ஜின், 80 நியூட்டன் தள்ளுவிசை வகை. இரண்டையும் பெங்களூரில் ஒரு நண்பரிடம் பழையதாக வாங்கி, ஏப்ரலில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுவந்தேன். சர்வோ (இறக்கைப் பலகைகளையும் சக்கரத்தையும் திருப்பும் சின்ன மோட்டார்), ஹிஞ்ச், மடங்கும் சக்கரம் எல்லாம் மே மாதத்திலேயே முடிந்தன. பெட்ரோல் விமானம் கட்டியவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. சமநிலைப் புள்ளி மட்டும் வேறு. பெரிய டேங்க் காலியாகவும் ஏர் ட்ராப் (பம்ப்புக்குப் போகும் வழியில் காற்றுக்குமிழியைப் பிடித்து வைக்கும் சின்ன டேங்க்) நிறைந்தும் இருக்கும்போது பார்க்க வேண்டும், ஏனென்றால் இறங்கும் நேரத்தில் விமானம் அந்த நிலையில்தான் இருக்கும். பேட்டரிகளை மூக்குவரை தள்ளியதில் ஈயம் வைக்காமலே சரியாக வந்தது.

எரிபொருளுக்கு டீசல். இந்த வகை இன்ஜின் மண்ணெண்ணெயிலும் ஓடும், ஆனால் நீல நிற ரேஷன் மண்ணெண்ணெய் கார்டுக்காரர் வீட்டு அடுப்புக்கானது, அதில் நான் கைவைக்க மாட்டேன். இந்த இன்ஜினின் கையேடு டீசலையும் ஒத்துக்கொள்கிறது. 20 லிட்டருக்கு 1 லிட்டர் டர்பைன் ஆயில், அதாவது 5 சதவீதம். இன்ஜினுக்குத் தனியாக ஆயில் டேங்க் கிடையாது. போகிற எரிபொருளில் ஒரு சிறு பங்கு பேரிங்குகளுக்குத் திரும்பி அவற்றை நனைக்கிறது. நிமிடத்துக்கு 1,50,000 சுற்று சுற்றும் தண்டுக்கு அந்தக் கலவைதான் உயிர். அதனால் கேன், புனல், ஃபில்டர் எல்லாவற்றையும் இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்.

ஜூலையில் முதல் ஓட்டம். கொப்பரை காயவைக்கும் சிமென்ட் களத்தைக் கூட்டிப் பெருக்கி, டிராயர் ரெயில் மேல் ஒரு பலகை, பலகை மேல் இன்ஜின், அது முன்னே நகராமல் பிடித்திழுக்க லக்கேஜ் தராசு. பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். பவுடர் வகை தீயை அணைத்துவிடும், ஆனால் அந்தப் பவுடர் உள்ளே போனால் இன்ஜினை மறந்துவிட வேண்டியதுதான்.

இங்கே காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் என்பது மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் திறந்து கிடக்கிற வாசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அந்த வாசல் வழியாகத்தான் நம் ஊருக்கு வருகிறது. டர்பைனின் வாய் காற்றைப் பார்த்தே இருக்க வேண்டும். பின்பக்கம் காற்று அடித்தால் ஸ்டார்ட் ஆகும்போது சூடு வெளியே போகாமல் தேங்கி, வெப்பநிலை எகிறிவிடும். அதனால் எங்கள் களத்தில் அந்த மாதங்களில் மேற்கு பார்த்த ஸ்டார்ட்தான்.

அந்தப் பலகை மேல் மூன்று முறை ஓடியது, மூன்றும் சுத்தம். தராசு 7.5 கிலோ காட்டியது. 80 நியூட்டன் என்றால் 8 கிலோவுக்கு மேல் வர வேண்டும். ஆனால் அந்த அளவு 15 டிகிரி குளிருக்குச் சொல்வது. நம் 34 டிகிரியில் காற்று இளைத்துப்போகிறது, அதனால் குறைந்தது சரிதான்.

அப்புறம் இன்ஜினை விமானத்துக்குள் வைத்தேன். அங்கே பிடித்தது சனி. ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், நன்றாக ஓடும். த்ராட்டிலைத் தள்ளினால் முக்கால்வாசியில் ஒரு திக்கல், உடனே அணைந்துவிடும். பம்ப்புக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் குழாயில் மணி மணியாகக் குமிழி போவது தெரிந்தது. தரையில் என்பதால் பிழைத்தது. மேலே இதே நடந்திருந்தால் என் கையில் இருப்பது இன்ஜின் இல்லாத 8 கிலோ கிளைடர்.

டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சுமுனையை மாற்றினேன். காற்றோட்டக் குழாயைப் பெரிதாக்கினேன். ஏர் ட்ராப்பையே புதிதாக வாங்கிப் போட்டேன். பம்ப்பைக் கழற்றி மாட்டினேன். குமிழி போகவில்லை. எல்லா இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒழுகவே இல்லை, பிறகு காற்று எப்படி வருகிறது என்று ஆகஸ்ட் முழுவதும் திணறினேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விட வந்த மாமா ஒரு நாள் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தார். "நம்ம மோட்டார் மாதிரியே காத்து இழுக்குது மாப்ள," என்றார். நான் ஒழுகல் தேடுவதைச் சொன்னேன். "ஒழுகுற எடத்தத் தேடாத. சக்சன் பக்கம் ஓட்ட இருந்தா வெளிய ஒழுகாது, காத்தத்தான் உள்ள இழுக்கும். டெலிவரி பக்கம்னாத்தான் ஒழுகும்."

நாற்பது வருடமாகக் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவர். சக்சன் பைப்பில் எந்த ஜாயிண்ட் காற்று இழுக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாகக் கிரீஸ் பூசி, எதைப் பூசியதும் தண்ணீர் ஏறுகிறது என்று பார்ப்பாராம். அதையே செய்தோம். இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுவிட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டரான ஈசியூவின் பிரைம் மோடில் பம்ப்பை மட்டும் ஓட்டினோம். (கழற்றாமல் ஓட்டக் கூடாது. உள்ளே தேங்கும் டீசல் அடுத்த ஸ்டார்ட்டில் பின்பக்கம் தீயாக வரும்.) நான் பாட்டிலைப் பிடிக்க, மாமா விரல்நுனியில் கிரீஸோடு டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக வந்தார். நாலாவது இணைப்பு ஃபில்டரின் நுழைவாய். பூசிய சில நொடியில் குழாய் தெளிந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தால் குழாயின் முனை சாய்வாக இருந்தது. சைடு கட்டரால் அவசரத்தில் நான் வெட்டியது. உள்ளே இருக்கும் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் பொருந்தாமல் நின்றிருக்கிறது. புது பிளேடால் நேராக வெட்டிச் செருகினேன், கிரீஸைத் துடைத்தேன், குமிழி வரவில்லை. ஏர் ட்ராப் ஏன் காப்பாற்றவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஃபில்டர் ட்ராப்புக்குப் பிறகு இருக்கிறது. ட்ராப்பைத் தாண்டி நுழையும் காற்றை ட்ராப் எப்படிப் பிடிக்கும்? குமிழி பம்ப்புக்குப் பக்கத்தில் தெரிந்த அன்றே இதை யோசித்திருந்தால் புது ட்ராப் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இப்போது ஃபில்டரை ட்ராப்புக்கு முன்னால் மாற்றிவிட்டேன், பம்ப்புக்கும் ட்ராப்புக்கும் நடுவில் ஒரே துண்டுக் குழாய்.

ஜெர்மனியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் ஒட்டுப்பலகையில் கம்ப்ரசர் சக்கரம் செய்து, கார்பன் நாரால் இறுக்கி, வீட்டில் டர்பைன் ஓட்டிக் காட்டியவர். ஆகஸ்டில் கைவிட்டுவிடலாம் என்று தோன்றிய இரவுகளில் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். மாமாவும் அதே ஜாதி மனிதர் என்று இப்போது படுகிறது.

செப்டம்பரில் விமானத்துக்குள்ளேயே ஆறு ஓட்டம், ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். 2.5 லிட்டர் டேங்கில் கடைசிவரை ட்ராப் நிறைந்தே இருந்தது. ஃபெயில்சேஃபும் பார்த்தாயிற்று. ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன், இன்ஜின் தானாக நின்றது. இதைப் பார்க்காமல் யாரும் களத்தைவிட்டுப் போகக் கூடாது.

போன ஞாயிறு டாக்ஸி, அதாவது தரையிலேயே ஓட்டிப் பார்ப்பது. வேலந்தாவளம் பக்கம் இன்னும் வீடு வராத ஒரு மனைப்பிரிவு, 200 மீட்டர் தார்ச்சாலை, உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாயிற்று. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம், 400 அடிக்குள் பறக்கலாம். சாலையைக் கூட்டுவதற்கே ஒரு மணி நேரம். ஒரு சிறு கல் உள்ளே போனாலும் கம்ப்ரசர் சக்கரம் போய்விடும். மூன்று முறை ஓட்டினேன். வேகம் கூடியதும் மூக்குச் சக்கரம் நடுங்கி இடப்பக்கம் இழுக்கிறது. ஸ்டியரிங் கம்பியில் ஆட்டம் இருக்கிறது, சர்வோ கையில் ஓட்டை தேய்ந்திருக்கிறது. புதுக் கை வந்துவிட்டது, இன்று இரவு மாட்டுகிறேன். வரும் ஞாயிறு மறுபடி டாக்ஸி. அதில் நேராக ஓடினால், காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு காலையில் மேலே ஏற்றுவேன்.