எக்ஸ்எம்எல் பைண்டிங்: தெரியாத எலிமெண்ட் வந்தால் என்ன நடக்கும்?

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள் சில தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. வளவைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அறைகள்தான் இருக்கும். அவற்றுக்கு ஆள் வருவது எங்கெங்கிருந்தோ. அறை இருப்பு, வாடகை, முன்பதிவு மூன்றும் விடுதியின் மென்பொருளுக்கும் வெளி விற்பனைத் தளங்களுக்கும் இடையே ஓயாமல் போய்வர வேண்டும். பல இணைப்புகளில் இன்றும் இவை, பயணத் துறை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஓபன்டிராவல் அலையன்ஸ் வகுத்த எக்ஸ்எம்எல் செய்திகளாகவே போகின்றன; ஒவ்வொரு தகவலையும் எலிமெண்ட் எனப்படும் பெயரிட்ட டேக்குக்குள் வைத்து எழுதும் வடிவம் அது. வேலையை ஜாவாவில் எடுக்கிற சிறு குழுவுக்கு முதல் நாளே ஒரு கேள்வி வந்துவிடும்: வரும் எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்ற, அதாவது பைண்டிங்குக்கு, எந்த ஃபிரேம்வொர்க்கை எடுப்பது? ஜாக்ஸ்பியா, எக்ஸ்எம்எல்பீன்ஸா, ஜிப்எக்ஸா, வெப் சர்வீஸ் மென்பொருளான ஆக்ஸிஸ்2 உடன் வரும் ஏடிபியா?

கேள்வி எழுந்ததுமே வேக ஒப்பீட்டு அட்டவணைகளைத் தேடுவார்கள். இந்த அளவு வேலைக்கு அது தேவையில்லை. 4 அறை வகைகள், 365 நாட்கள் என்றால் மொத்தம் 1,460 பதிவுகள். ஒன்றுக்கு 250 பைட் வைத்தாலும் ஏறக்குறைய 365 கேபி. தொடர்ந்து வரும் நாட்களைத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று சேர்த்தால் அதிலும் சிறு பகுதியே மிஞ்சும். வரவேற்பறையில் இருக்கிற பழைய கணினிகூட எந்த ஃபிரேம்வொர்க்கை வைத்தும் இதைச் சுலபமாகப் படித்துவிடும். நேரம் போவது இணையத்திலும் டேட்டாபேஸிலும்தான். ஜாக்ஸ்பியில் வேகம் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: எந்த எலிமெண்ட் எந்தக் கிளாஸுக்கு என்ற பொருத்தத்தை வைத்திருக்கும் ஜாக்ஸ்பி கான்டெக்ஸ்டை ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக உருவாக்குவது. நிரல் தொடங்கும்போது ஒன்றை உருவாக்கி ஒரே நேரத்தில் ஓடும் எல்லா த்ரெட்டுக்கும் அதையே கொடுக்கலாம். அது த்ரெட் பாதுகாப்பானது. எக்ஸ்எம்எல்லாக எழுதும் மார்ஷலரும் அதைப் படிக்கும் அன்மார்ஷலரும் அப்படியல்ல. அவற்றை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

தேர்வை முடிவு செய்ய வேண்டியது வேறொரு கேள்வி: தனக்குத் தெரியாத ஒன்று செய்தியில் வந்தால் ஃபிரேம்வொர்க் என்ன செய்கிறது? செய்தியின் அமைப்பை வகுக்கும் ஸ்கீமா நம் கட்டுப்பாட்டில் இல்லை. எதிர்த்தரப்பு என்றாவது ஒரு நாள் புதிய எலிமெண்ட் ஒன்றைச் சேர்க்கும், சொல்லாமலும் சேர்க்கும். அன்றைக்கு விடுதியில் என்ன நடக்கும் என்பதுதான் விஷயம்.

ஏடிபி அந்த இடத்திலேயே நின்றுவிடும். எதிர்பாராத துணை எலிமெண்ட் என்று பிழை வீசும். முன்பதிவுச் செய்தி முழுவதுமே உள்ளே வராது. ஜிப்எக்ஸும் இயல்பில் கறார்தான். ஆனால் பைண்டிங் கோப்பில் அந்தப் பகுதியை வரிசை பாராதது, நெகிழ்வானது என்று குறித்தால் தெரியாததைத் தாண்டிப் போகும். ஜாக்ஸ்பி 2 முதல் நேர் எதிர்: தெரியாத எலிமெண்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எக்ஸ்எம்எல்பீன்ஸ் வந்த எக்ஸ்எம்எல்லை முழுதாக உள்ளே வைத்துக்கொள்ளும். தெரியாதது எங்கும் போகாது. திரும்ப எழுதினால் அதுவும் வரும், சரிபார்க்கச் சொன்னால் எந்த இடத்தில் தவறு என்று காட்டும். பதிலுக்கு நினைவகத்தைக் கூடுதலாக எடுக்கும்.

ஜாக்ஸ்பியின் இந்த மௌனத்தை ஆழமாகத் தெரிந்துகொள்ளாமல் அதை எடுக்கக் கூடாது. புதிய எலிமெண்டை விடுவது பல நேரம் நல்லதே. ஆனால் அதே மௌனம் வேறு மூன்று இடங்களில் கேடு செய்யும். அனுமதித்த மதிப்புகளின் பட்டியலான ஈனத்தில் (enum) இல்லாத மதிப்பு வந்தால் அந்தப் புலம் மதிப்பே இல்லாத நல் (null) ஆகிவிடும். ‘ரத்து’ நிலைக்குப் புதிய பெயர் வந்தால் விடுதிக்கு ரத்து ஆனதே தெரியாது. கட்டாயம் என்று ஸ்கீமா சொல்லும் இன்ட் (முழு எண்) புலம், காலியாக இருக்க முடியாத பிரிமிட்டிவ் இன்ட்டாக உருவாகும். அது செய்தியில் விட்டுப்போனால் மதிப்பு 0. அறை எண்ணிக்கை 0 என்பதற்கும் எண்ணிக்கையே வரவில்லை என்பதற்கும் விடுதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மூன்றாவது நேம்ஸ்பேஸ், அதாவது எலிமெண்ட் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற அடையாளம். ஸ்கீமாவில் எலிமெண்ட்கள் நேம்ஸ்பேஸோடு இருக்க வேண்டும் என்ற குறிப்பும் ஜாவா பேக்கேஜில் உள்ள குறிப்பும் ஒத்துப்போகாவிட்டால் ஆப்ஜெக்ட் கிடைக்கும்; உள்ளே எல்லாப் புலமும் காலியாக இருக்கும். பிழையே வராததால் இதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

மூன்றுக்கும் வழி ஒன்றுதான். அன்மார்ஷலருக்கு ஸ்கீமாவைக் கொடுத்து, பிழைகளைக் கேட்டுக்கொள்ளும் நிகழ்வுக் கையாளி ஒன்றையும் சேர்க்க வேண்டும். கையாளி எந்தப் பிழைக்கும் செய்தியை உடனே தள்ளிவிடக் கூடாது. வரி எண்ணோடு பதிவு செய்துவிட்டு, தெரியாத எலிமெண்ட் என்றால் தொடரலாம், கட்டாயப் புலம் விட்டுப்போனது அல்லது தெரியாத ஈனம் மதிப்பு என்றால் நிறுத்த வேண்டும். ஸ்கீமா ஆப்ஜெக்டையும் ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டால் போதும்.

தேதி இன்னொரு புதைகுழி. 2024 பொங்கல் ஜனவரி 15. அந்த இரவுக்கான முன்பதிவில் தேதி நேர மண்டலம் இல்லாமல் 2024-01-15 என்று வருகிறது. அதை ஜாவாவின் பழைய டேட் ஆப்ஜெக்டாக்கினால் இந்திய நேரம் நள்ளிரவு என்று ஆகும். உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதும்போது ஜனவரி 14, 18:30. அடுத்த முனை நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் விருந்தினருக்குப் போகி அன்று அறை தயாராகும். ஏடிபி தேதியை டேட் ஆகவே கொடுக்கும். எழுதும்போது +05:30 என்று நேர மண்டலத்தையும் ஒட்டும். ஜாக்ஸ்பி எக்ஸ்எம்எல் கிரிகோரியன் காலண்டரைக் கொடுக்கும். அது தகவலை இழக்காது, ஆனால் கையாளச் சிரமம். பைண்டிங் கோப்பில் தேதி வகையை, நேரமில்லாத வெறும் தேதியான லோக்கல்டேட் ஆக மாற்ற ஒரு அடாப்டர் எழுதிவிடுவது நல்லது. அதில் ஜாவாவின் வெறும் ‘ஐஎஸ்ஓ லோக்கல் டேட்’ வடிவத்தைப் போட்டால் +05:30 ஒட்டிய தேதியில் தடுக்கி விழும். ‘ஐஎஸ்ஓ டேட்’ வடிவம் இரண்டையும் ஏற்கும்.

எதை எடுத்தாலும் ஸ்கீமாவிலிருந்து அது தானாக உருவாக்கும் ஜாவா கிளாஸ்கள் விடுதியின் அறைக் கணக்கு நிரலுக்குள் நுழையக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓபன்டிராவலின் பொதுவகைக் கோப்புகளைச் சேர்த்துக் கிளாஸ் உருவாக்கினால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். நமக்குத் தேவையான புலங்களோ இருபது முப்பது. முன்பதிவு, அறை, வாடகை என்று நமக்கான சிறு கிளாஸ்களை எழுதி, இடையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஒரு மேப்பரை வைத்துவிட்டால் நாளை பைண்டிங் மாறினாலும் மேப்பர் மட்டும் மாறும். ஸ்கீமா கோப்புகளையும் சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல்லையும் நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். பில்ட் செய்யும்போது இணையத்திலிருந்து இழுத்தால், எதிர்த்தரப்பு ஒரு வரி மாற்றிய அன்று காரணம் தெரியாமல் நம் பில்ட் உடையும்.

ஆத்தங்குடித் தரைக்கற்களை விற்பவர்களின் வேலையில் நிலைமை வேறு. ஆர்டர் சதுர அடியில் வரும். பட்டறைக்குக் கல் எண்ணிக்கை வேண்டும். 10 அங்குலக் கல் சதுர அடிக்கு 1.44, 8 அங்குலக் கல் 2.25, 500 சதுர அடிக்கு முறையே 720, 1,125. டெசிமலை (தசம எண்ணை), தோராயமாக வைக்கும் டபுளாக வாங்காமல் துல்லியமான பிக்டெசிமலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிச் சுழிகளை நீக்கிவிட்டு நாமே எழுத்தாக்கினால் 1000 என்பது 1E+3 என்று வரும். எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் டெசிமல் வகை அடுக்குக்குறியை ஏற்காது. சாதாரண எழுத்து வடிவத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அதே கடையின் கணக்கு டாலியில் இருக்கும். பேரேடும் ஐந்தொகையும் பெட்டியடியில் உட்கார்ந்து எழுதிய ஊர் இது. பற்றும் வரவும் இடம் மாறினால் யாரும் பொறுக்க மாட்டார்கள். டாலி 9000ஆம் போர்ட்டில் எக்ஸ்எம்எல் பேசும். பற்று வைத்த தொகை மைனஸ் குறியோடு வரும், தேதி 20240401 என்று இடைக்கோடு இல்லாமல் வரும், டேக் பெயர்களின் நடுவே புள்ளி இருக்கும். எக்ஸ்எம்எல்லில் அது செல்லும், ஜாவா பெயரில் செல்லாது. சில மதிப்புகளின் முன்னால் 4ஆம் எண் கட்டுப்பாட்டு எழுத்தும் இருக்கும். எக்ஸ்எம்எல் 1.0 இல் 32க்குக் கீழே 9, 10, 13 மட்டுமே அனுமதி. எக்ஸ்எம்எல்லை முதலில் படிக்கும் பார்சர் அங்கேயே நின்றுவிடும், பைண்டிங்குக்கு வேலையே வராது. படிப்பதற்கு முன்பே ஸ்ட்ரீமில் அதை வடிகட்ட வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் பைண்டிங் ஃபிரேம்வொர்க்கே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. எக்ஸ்எம்எல்லை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும் ஸ்டாக்ஸ் பார்சரால் ஏழெட்டுப் புலங்களை நேராகப் பொறுக்கிக்கொள்வது சுத்தமான வழி.

டிஜிட்டல் கையொப்பம் உள்ள செய்திகளுக்கும் எச்சரிக்கை வேண்டும். ஆப்ஜெக்டாக்கி மறுபடி எழுதினால் நேம்ஸ்பேஸ் முன்னொட்டும் இடைவெளியும் மாறும். கையொப்பம் தவறு என்று வரும். வந்த பைட்டுகளை அப்படியே வைத்து முதலில் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பைண்டிங். வெளியிலிருந்து வரும் எந்த எக்ஸ்எம்எல்லுக்கும் பார்சரில், வேறு கோப்புகளை உள்ளே இழுக்க இடம் தரும் டிடிடியை அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வரில் உள்ள கோப்பை வெளியே இழுக்க ஒரு செய்தியே போதும்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஜாக்ஸ்பி, மேலே சொன்ன சரிபார்ப்போடு. செய்தியை வாங்கி, சிறிது மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இன்னொருவருக்கு அனுப்பும் இடைநிலை வேலை என்றால் எக்ஸ்எம்எல்பீன்ஸ். அது உருவாக்கும் எக்ஸ்எஸ்பி கோப்புகள் (தொகுத்த ஸ்கீமா) நிரலின் ஜார் கோப்புக்குள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும், விட்டுப்போனால் கம்பைல் ஆகும், ஓடும்போது விழும். ஆக்ஸிஸ்2 இல் ஏற்கெனவே ஓடுகிற சேவையில் ஏடிபியை மாற்ற, கிளாஸ் உருவாக்கும் கட்டளையில் பைண்டிங் தேர்வை மாற்றினால் போதும். மேப்பர் இருந்தால் மீதி வேலை சிறிது.

ஜாக்ஸ்பியை எடுப்பவர்கள் ஜாவா பதிப்பையும் கவனிக்க வேண்டும். 2006இல் ஜாவா 6 உடன் சேர்ந்தது, 2018இல் ஜாவா 11 இலிருந்து நீக்கப்பட்டது. இப்போது ஏபிஐயையும் ரன்டைமையும் தனி ஜார்களாகச் சேர்க்க வேண்டும். 3.0 பதிப்பிலிருந்து பேக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறிவிட்டது. பழைய அன்னொட்டேஷன் (குறிப்பு) உள்ள கிளாஸைப் புதிய ரன்டைமிடம் கொடுத்தால் அன்னொட்டேஷன் எதுவும் அதன் கண்ணில் படாது. ரூட் எலிமெண்ட் குறிப்பு இல்லை என்று பிழை வரும், குறிப்போ கண்ணெதிரே இருக்கும். அப்போது நிரலில் தேட வேண்டாம். இரண்டு தலைமுறை ஜார்களும் ஒன்றாக ஏறியிருக்கின்றனவா என்று டிபெண்டென்சி பட்டியலைப் பார்த்துப் பழையதை நீக்கிவிட்டு, கிளாஸ்களைப் புதிதாக உருவாக்க வேண்டும்.