ஐந்தாவது படி

கும்பகோணத்தில் தட்டச்சு ஹையரும் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் தேறிய கையோடு 1981-இல் தில்லிக்கு ரயில் ஏறினேன். கரோல் பாகில் அத்தை வீடு. மறு வருடமே ஒரு விசாரணை நீதிமன்றத்தில் ஸ்டெனோ வேலை.

தமிழில் பகரம் ஒன்றுதான். பிட்மன் சுருக்கெழுத்தில் கோடு மெலிந்தால் ஆங்கில p ஒலி, தடித்தால் b ஒலி. பென்சில் கொஞ்சம் அழுந்தினாலும் சொல் மாறிவிடும். சாட்சி சொன்னதா, நான் கேட்டதா என்ற ஐயம் வந்தால், நீதிபதியிடம் போய்க் கேட்காமல் தட்டச்சுக்கு உட்கார மாட்டேன்.

ஐந்து தாள், இடையே நான்கு கார்பன். விரல் நோகக் குத்தினாலும் ஐந்தாவது படியில் எழுத்து புகைபோலத்தான் விழும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும் என்றது 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 363. நாங்கள் கொடுத்தது பெரும்பாலும் அந்த ஐந்தாவது படி. ஒருவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய ஏழு வருடம் அந்தத் தாளில் இருந்தது. அதன்பின் தண்டனைத் தீர்ப்புகளை இரண்டு தடவை தட்டச்சு செய்தேன். வீடு திரும்ப இருட்டிவிடும். அத்தை திட்டுவார்.

பிறகு கணினி வந்தது. எத்தனை நகல் எடுத்தாலும் ஒரே கறுப்பு. அன்று எனக்கு வந்த நிம்மதியை இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 34,000 தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்தது. அடுத்த மாதமே அரசியல் சாசன அமர்வில் வாதங்களை மென்பொருள் கேட்டு எழுதத் தொடங்கியது. எங்கள் பிழைப்பு போய்விட்டதே என்று பழைய தோழிகள் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஆனால் ஐயம் வந்தால் எழுந்து போய்க் கேட்க மென்பொருளுக்குத் தெரியாது. அதன் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன வாரம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா கைப்பேசியை நீட்டினார். திரிலோக்புரியில் இருப்பவர், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். மகன் வழக்கின் தீர்ப்பு அதில் இருந்தது, ஆங்கிலத்தில். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவரே இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். விடுதலை என்ற இடம் வந்ததும், "அதை இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார்.