கழுவக் கழுவக் கேட்ட இசைத்தட்டு

வேல்ஸின் கார்டிஃபில் வீட்டுக்குப் பக்கத்துச் சாரிட்டி கடையில் (நன்கொடைப் பொருள்களை விற்கும் கடை) பழைய இசைத்தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில், பாதி நிழலில் மூன்று முகங்கள். யங் மார்பிள் ஜயண்ட்ஸ் இசைக்குழுவின் ‘கொலோசல் யூத்’! 1980-இல் ரஃப் டிரேட் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. பாடியவர்கள் இதே ஊர்க்காரர்கள். விலை நான்கு பவுண்டு.

பல வருடங்களுக்கு முன் பேருந்தில் இயர்ஃபோனில் கேட்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்று பாதியில் நிறுத்திய ஆல்பம் இது. வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டால் ஒரே கரகரப்பு. ஆனால் அதன் அடியில் கேட்டது என்னை உட்கார வைத்துவிட்டது.

இந்தக் குழுவில் டிரம்மர் கிடையாது. உறவினர் ஒருவர் செய்துகொடுத்த டிரம் மெஷினின் தாளத்தைக் கேசட்டில் பதிந்து ஓடவிட்டு, அதற்கு மேல் வாசித்தார்கள். ஸ்டூவர்ட் மாக்ஸம் கிட்டார் நரம்புகளை உள்ளங்கையால் அமுக்கி ஒவ்வொரு ஒலியையும் சட்டென வெட்டுகிறார். உடன்பிறந்த ஃபிலிப்பின் பேஸ் கிட்டார்தான் பல இடங்களில் மெட்டையே சுமக்கிறது. அலிசன் ஸ்டாட்டன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடுகிறார். மிச்சமெல்லாம் வெற்றிடம். பங்க் என்ற முரட்டு ராக் இசைத் தட்டுகளில் இரைச்சல் அழுக்கை மூடிவிடும். இதில் ஒவ்வொரு தூசும் தனியாகக் கேட்கும். சரி, கழுவித்தான் ஆக வேண்டும்.

முதல் ஞாயிறு கார்பன் பிரஷ்ஷால் துடைத்தேன். பெரிதாக மாற்றமில்லை. அடுத்த ஞாயிறு, வாலை வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு விட்டு, நடுவிலுள்ள லேபிள் நனையாமல் மெல்லிய துணியால் பள்ளங்களின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பிறகு வெறும் வடிநீரில் அலசி, சமையலறையில் தட்டு கவிழ்க்கும் கம்பிக் கூடையில் செங்குத்தாக நிறுத்திக் காயவிட்டேன். கரகரப்பு பாதிக்குமேல் போய்விட்டது. அப்புறம் பார்த்தால் பிளேயரின் முள்ளில் சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை. பள்ளத்திலிருந்து வந்த அழுக்கு. அதையும் எடுத்து, முள்ளின் அழுத்தத்தை 1.6 கிராமிலிருந்து 2 கிராமாக ஏற்றியதும், உள்வட்டப் பாடல்களில் அலிசனின் ‘ஸ’ சீறுவது நின்றது.

இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு ‘டிக்’ விடாமல் வந்தது. டிரம் மெஷினோ என்று முதலில் சந்தேகம். கைபேசியில் நேரம் பார்த்தேன்: பத்து இடைவெளிக்குச் சரியாக 18 விநாடி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆக, கீறல்தான். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது மயிரிழை போல ஒரு கோடு பள்ளங்களைக் குறுக்கே வெட்டிப் போனது. அது கழுவிப் போகாது.

இந்த ஞாயிறு கணினியில் பதிவு செய்தேன். 15 பாட்டு, நாற்பது நிமிடம்கூட இல்லை. டிக் சத்தத்தைத் தானாக நீக்கும் வசதியைப் போட்டுப் பார்த்ததில், அது டிரம் மெஷினின் தட்டலையும் கீறல் என்று நினைத்து மழுக்கிவிட்டது. அந்தத் தட்டலின் கூர்மை போனால் பாட்டே போச்சு. அதனால் அந்தப் பதிவை அழித்துவிட்டு, அலைவடிவத்தைப் பெரிதாக்கி 1.8 விநாடிக்கு ஒன்றாகக் கையால் நீக்கிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு பாட்டு முடிந்திருக்கிறது.