தொங்கும் பாதத்துக்குக் கரண்ட்: பயிற்சி அறைக் குறிப்புகள்

மார்ச் 3, 2025
பக்கவாதத்தில் இடது பாதம் தொங்கிவிட்டவர். கரண்ட் வைக்குமுன் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தாயிற்று: பேஸ்மேக்கர் இல்லை, வலிப்பு இல்லை, கெண்டைக்காலில் ரத்தக்கட்டு அறிகுறியும் இல்லை. பழுது மூளையில்தான், காலுக்கு வரும் நரம்பு நன்றாக இருப்பதால், தோல்மேல் ஒட்டும் பேட் வழியாகக் கரண்ட் கொடுத்துப் பாதத்தைத் தூக்கவைக்கும் மிஷின் வேலை செய்யும். போலியோ போல அந்த நரம்பே செத்துவிட்ட காலில், மிஷின் தரும் 300 மைக்ரோ விநாடி நீளமுள்ள கரண்ட் துடிப்புக்குத் தசை அசையாது. கரண்டை ஏற்றிக்கொண்டே போனால் தோல்தான் புண்ணாகும்.

மார்ச் 4
முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டு. அதன் அடியில், நரம்பு ஓடும் இடத்தில் ஒரு பேட், மைனஸ் முனை இதற்குத்தான். மற்றது நாலு விரற்கடை கீழே, முன்னங்கால் எலும்பை ஒட்டிய வெளிப்பக்கத் தசைமேல். 35 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 35 துடிப்பு. மில்லி ஆம்பியரை ஒவ்வொன்றாக ஏற்றும்போது முதலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது; பிறகு கணுக்கால் முன்னே தசைநாண் கயிறு போலப் புடைத்து, பாதம் எழுந்தது. ஆனால் வெளிப்பக்கம் திருகிக்கொண்டு. மேல் பேடை அரை அங்குலம் முன்னால் தள்ளியதும் நேரானது. உட்பக்கம் திருகினால் பின்னால் தள்ள வேண்டும். சரியான இடத்தைப் பேனாவால் சுற்றி வரைந்தாயிற்று.

மார்ச் 6
உட்கார்ந்தால் சரி, நின்றால் பாதம் பாதிதான் எழுகிறது. உடனே கரண்டைக் கூட்டத்தான் கை போகும். முழங்கால் நீளும்போது தோலோடு பேடும் நரம்பைவிட்டு நகர்கிறது, அதுதான் காரணம். நிற்கவைத்து மறுபடி இடம் பார்த்து, புதுக் கோடு.

மார்ச் 10
நடைக்குக் குதிகால் சுவிட்ச், செருப்பில் குதிகாலுக்கு அடியில் வைப்பது. குதிகால் எழும்போது கரண்ட் வரும், பதிந்ததும் நிற்கும். 1961இல் அமெரிக்க மருத்துவர் லிபர்சன் காட்டிய அதே சூத்திரம். பதிந்த கணமே நிறுத்தினால் பாதம் பட்டென்று அறைகிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்படி வைத்தால் அறைவதில்லை. ஹவாய் செருப்பில் சுவிட்ச் நிற்காது, பின்வார் உள்ளது வேண்டும்.

மார்ச் 13
கரண்ட் சட்டென்று ஏறினால் இறுகிய கெண்டைக்கால் வெட்டி இழுக்கிறது. ஏறும் நேரத்தை நீட்டியதும் அடங்கியது. பயிற்சிக்கு 10 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு. மிஷின் இழுக்கும் தசை, தானாக அசைக்கும் தசையைவிடச் சீக்கிரம் களைக்கும். பாதம் எழும் உயரம் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மார்ச் 20
பேட் ஓரத்தில் சுருக்கென்று குத்துகிறதாம். ஓரம் தூக்கியிருந்தது, ஒட்டியிருக்கும் கொஞ்ச இடத்திலேயே முழுக் கரண்டும் பாய்கிறது. காரணம் காலில் தேங்காய் எண்ணெய். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, புதுப் பேட். முடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டினால் போதும். மழித்தால் அந்தக் கீறலிலும் எரியும்.