எட்டு மணி நேரச் சுற்று: டிஎஸ்எல்ஆரில் டபிள்யூ உர்சே மேஜோரிஸ்

சப்தரிஷி மண்டலத்து டபிள்யூ உர்சே மேஜோரிஸ் ஒன்றையொன்று சுற்றும் விண்மீன் ஜோடி; ஒரு சுற்றுக்கு 8 மணி 26 விநாடி. சுற்றுக்கு இருமுறை ஒன்று மற்றதை மறைக்கும்; ஆக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பொலிவு 7.75-இலிருந்து 8.5 அருகே இறங்கும் (பொலிவெண் கூடினால் ஒளி குறைவு). இந்த ஏற்ற இறக்கத்தை, அதாவது ஒளி வளைவை, டிஎஸ்எல்ஆர் கேமராவால் அளக்கலாம்.

வானைப் பின்தொடரும் தாங்கி, 85 மி.மீ. லென்ஸ், எஃப்/4, ஐஎஸ்ஓ 400, 30 விநாடி, ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பு. குவியத்தைச் சற்றுத் தளர்த்தி, விண்மீனை 8–10 பிக்சல் அகல வட்டாக்க வேண்டும். கூர்மையாக விட்டால் ஒளி இரண்டு மூன்று பிக்சலில் விழும். கேமராவின் பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரிந்தவை; அதில் பச்சைப் பிக்சல் எத்தனை என்பது படத்துக்குப் படம் மாறி, இல்லாத துடிப்பைக் காட்டும். 14 பிட் கேமராவில் விண்மீனின் உச்சப் பிக்சல் மதிப்பு 10,000-க்குள் நிற்கட்டும். டார்க் (லென்ஸை மூடி எடுப்பது) 20, ஃபிளாட் (சீரான ஒளியில் எடுப்பது) 20. பச்சையை மட்டும் பிரித்து அளந்து, பத்துப் படங்களுக்குச் சராசரி. ஒளி மாறாத ஒரு விண்மீனோடு ஒப்பிட்டே அளக்கிறோம்; அந்த ஒப்பீட்டு விண்மீன் சிவப்பாக இருந்தால் அடிவானம் நெருங்க நெருங்க வளைவு சாயும். இதே மஞ்சள் நிறத்தில் ஒன்றைத் தேடுவது நல்லது.

சென்னை அகலாங்கில் இது 47 பாகைக்கு மேல் ஏறாது. 30 பாகைக்கு மேல் கிடைப்பது 7 மணி 20 நிமிடம்தான். முழுச் சுற்றுக்கு 40 நிமிடம் குறைகிறது. மறுநாள் முயன்றாலும் பயனில்லை. மூன்று சுற்று ஏறக்குறைய ஒரு நாள் என்பதால் சுற்றின் அதே கட்டம் 78 விநாடி தாமதித்து வரும், விண்மீனோ 4 நிமிடம் முந்தி உதிக்கும். எட்டு நாள் கழித்து எடுத்தால் ஓட்டை அடைபடும்.

வளைவில் தட்டையான பகுதியே இல்லை: ஈர்ப்பில் நீண்டு, ரோச் மடல்களை (ஒவ்வொன்றின் ஈர்ப்புப் பிடிக்குள் அடங்கும் எல்லையை) நிரப்பி ஒட்டிக்கொண்ட இரு விண்மீன்கள். ஒன்றின் நிறை மற்றதில் பாதி. ஆனாலும் இரு பள்ளங்களின் ஆழ வித்தியாசம் சுமார் 0.05 பொலிவெண்தான். பொது உறை வெப்பத்தைப் பங்கிட்டு இரண்டையும் ஏறத்தாழ ஒரே சூட்டில் வைக்கிறது. மாறாக, அல்கோல் என்ற மறைப்பு ஜோடியில் ஒரு பள்ளம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்துசேரும் நேரம் மாறும்; பள்ளத்தின் நேரத்தைச் சூரியனிலிருந்து பார்த்தால் எப்போதோ அதற்கு மாற்ற மறந்தால், பிப்ரவரியில் ஆறு நிமிடம் வரை பிழை. கேமரா கடிகாரத்தையும் தொடங்குமுன் சரிபார்க்க வேண்டும். இத்தகைய நேரங்களை ஆண்டுக்கணக்கில் கோத்தால்தான் சுற்றுக்காலம் மாறுவது தெரியும். வி1309 ஸ்கார்ப்பியை என்ற, இதேபோல் ஒட்டிய விண்மீன் ஜோடி 2008-இல் ஒன்றாய் இணைந்து வெடித்தது; அதற்கு முந்தைய ஆண்டுகளின் அளவீடுகளில் சுற்றுக்காலம் வேகமாகச் சுருங்கி வந்தது 2011-இல் தெரிந்தது.