மழைக்குப் பின் ஒன்பது நாள்

ஏப்ரல் 6
மூன்று மணிக்கு அடித்த மழையில் காயப்போட்ட துணி மொத்தமும் போயிற்று. ஆனால் சால்வை தேடும் அளவுக்குச் சட்டென்று குளிர்ந்தது. நாட்காட்டியில் 15ஐச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஏப்ரல் 7
மருத்துவமனையிலிருந்து அழைப்பு இல்லை.

ஏப்ரல் 8
6இல் தொடங்கும் எண். கரண்டியைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு எடுத்தால், காப்புறுதி விற்கும் பையன். கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? கைப்பேசி எண்ணென்றால் 8, 9. அலுவலகம், மருத்துவமனை எல்லாம் 6. இப்போது 8, 9 வந்தால் மட்டும்தான் பதறாமல் எடுக்கிறேன்.

ஏப்ரல் 9
தம்பி பேசினான். "அக்கா, இணையத்துல ஒண்ணும் தேடாதீங்க." தேடி முடித்தாயிற்று என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 10
கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட்டின் மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். மழை வந்து திடீரென ஐந்தாறு டிகிரி குறைந்தால்தான் மறுபடி வளரும். ஒன்பதாம் நாள் காலை வட்டாரத்தில் உள்ள செடியெல்லாம் சேர்ந்து பூக்கும். அன்றோடு சரி, வாடிவிடும். கீழேயிருந்து பார்த்தால் மொட்டு எங்கே தெரிகிறது? கண்ணாடியை மாற்ற வேண்டும். அதுவும் பிறகு.

ஏப்ரல் 12
சனிக்கிழமை. இன்று அழைக்க மாட்டார்கள். அதனால்தான் இன்றைக்குப் போனேன், தனியாக.

பியூட்டி வோர்ல்டில் இறங்கி, ஹிண்டீட் சாலை வழியாகப் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி. உச்சி 163.63 மீட்டர். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். சிங்கப்பூருக்கு இதற்கு மேல் மலை இல்லை. ஆனால் அந்தத் தார்ச்சாலையின் முதல் ஏற்றத்திலேயே யாருக்கும் சிரிப்பு வராது. இரண்டு முறை நின்றேன். குரங்கு ஒன்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. பையில் தண்ணீரும் போனும்தான்.

பூ பார்க்கக் காட்டுக்குப் போகிறவள் ஏமாளி. செராயா மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும், அதுவும் நம் தலைக்கு மேல் எங்கோ. புறா ஆர்க்கிட்டுக்கோ வெளிச்சம் வேண்டும், அது சாலையோர மரங்களில்தான் சௌக்கியமாக இருக்கிறது. உள்ளே இருட்டு, ஈர மண் வாசனை, சில்வண்டு. பூ கிடைத்தது திரும்பும்போது, காட்டின் ஓரத்தில்: செண்டுடோக். அதே ஊதா. அப்பா ரயில்வேயில் இருந்தபோது தண்டவாள ஓரமெல்லாம் இதுதான். பழத்தைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டி யார் நாக்கு அதிகம் கறுத்தது என்று சண்டை போடுவோம். 2011 ஜூன் 30உடன் அந்தப் பாதையில் ரயில் நின்றது. அதைப் பார்க்க அப்பா இல்லை. ஒரு பழம் பறிக்கக் கை போனது. காப்புக் காட்டில் எதையும் பறிக்கக் கூடாது. அதற்குள் தையல் சுரீரென்று இழுத்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

உச்சியில் ஒரு பெண், "ஆன்ட்டி, இந்த உச்சிக் கல்லோட உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். நல்ல பெண், முகம் சுருங்கிவிட்டது. அழைப்புக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம் என்று யாராவது பிரித்து வைப்பார்கள். நான் முந்தைய படமாக இருக்க விரும்பவில்லை.

ஏப்ரல் 13
கால் வலி. கால் மட்டும்தான்.

ஏப்ரல் 14
புத்தாண்டு. தேக்காவில் வாங்கிய வேப்பம்பூவில் பச்சடி. வெல்லம் கூடிவிட்டது, கசப்பே தெரியவில்லை. இன்று மட்டும் அழைக்காதீர்கள் என்று வேண்டிக்கொண்டேன். அழைக்கவில்லை. சாயங்காலம் அதற்கும் எரிச்சல்.

ஏப்ரல் 15
ஆறரை மணிக்கு இன்னும் இருட்டு. மின்தூக்கி திறந்ததுமே வாசனை. மரத்தின் கிளைகளில் வெள்ளை வெள்ளையாக, நூறு இருக்கும். பக்கத்து வரிசையிலும் அப்படியே. கூட்டுகிற பங்களாதேஷ் தம்பி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார், நானும் பார்த்தேன். போனை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அரை மணி கழித்துத்தான் உறைத்தது.

சாயங்காலம் எல்லாம் தொங்கிவிட்டது.

ஏப்ரல் 16
மறுபடி மழை. ஆனால் குளிரவில்லை. இது கணக்கில் சேராது.